முகம் காட்டாத குரல்

மலையடிவாரக் காட்டில் செவந்தி என்றொரு வெள்ளெலி இருந்தது. அதற்கு நான்கு குட்டிகள். அப்போதுதான் வளைக்கு வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கிய வயது. நான்கும் எந்நேரமும் பசி பசி என்று கத்தும்.

அந்தக் காட்டு மழை பொல்லாதது. பிடித்தால் இரண்டு மாதம் விடாது. வளைகளிலெல்லாம் தண்ணீர் ஏறிவிடும். அதனால் சிறு பிராணிகள் தங்கள் தானியத்தைத் தேக்கிலையில் பொதியாகக் கட்டி, சுனைக்கு மேலிருந்த பாறைக் குகையில் வைத்திருந்தன. குகைக்குக் காவல், சடையன் என்ற முள்ளம்பன்றி. அது வாசலைக் கல்லால் அடைத்துவிட்டு உள்ளேயே படுத்திருக்கும். வருகிறவர் கல்லிடுக்கில் வாயை வைத்துத் தன் பெயரையும், தானும் சடையனும் மட்டுமே அறிந்த ரகசியச் சொல்லையும் மெதுவாகச் சொல்ல வேண்டும். சொல் சரியாக இருந்தால் அந்த இடுக்கு வழியாகவே பொதி வெளியே வரும்.

ஒரு நாள் நண்பகலில் செவந்தி வளை வாசலில் மண் அணைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஈச்சம்புதரிலிருந்து முட்கள் சலசலக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஓர் உறுமல்.

"செவந்தி! நான் சடையன் பேசறேன்!"

"என்ன அண்ணே, இவ்வளவு தூரம்? வெளியே வாங்களேன்!"

"வர நேரமில்லை! குகைக்குள்ளே ஊற்றுத் தண்ணி புகுந்துடுச்சு. பொதியெல்லாம் நனையுது. உன் பொதியை மேல் பொந்துக்கு மாத்தணும். உன் சொல்லைச் சொல்லு!"

"அது உங்களுக்குத் தெரியுமே, அண்ணே?"

"இத்தனை பேர் சொல்லையும் நான் எங்கே ஞாபகம் வச்சிருக்கிறது? சரிபார்க்கணும், சீக்கிரம்! அடுத்து உன் பொதிதான் நனையப் போகுது. யார்கிட்டேயும் மூச்சு விடாதே. எல்லாரும் ஓடி வந்தா வாசல் அடைச்சுக்கும்!"

செவந்திக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. ஆனால் குரல் சடையனுடையது. மூச்சு வாங்குவதுகூட சடையன் மாதிரியே இருந்தது. உள்ளே குட்டிகள் கத்தின. நனைந்த தானியம் இரண்டே நாளில் முளைவிட்டு அழுகிவிடும். அதற்கு மேல் யோசிக்க அதற்குத் தெம்பில்லை.

"நெருஞ்சிப்பூ!" என்று சொல்லிவிட்டது.

புதர் சட்டென்று அமைதியானது. சரி என்றுகூட ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலையில் செவந்தி குகைக்குப் போனது. "அண்ணே, தண்ணி வடிஞ்சுதா?" என்று கேட்டது.

"எந்தத் தண்ணி?" என்றது சடையன்.

செவந்தி கல்லிடுக்கில் முகத்தை அழுத்தியது. "என் பொதி?"

"நேத்து மத்தியானமே நீதானே வந்து வாங்கிட்டுப் போனே! உன் குரல், உன் பேரு, உன் சொல். நான்தானே தள்ளிவிட்டேன்!"

செவந்தி அப்படியே உட்கார்ந்துவிட்டது. கோடை முழுக்க வயல் வரப்பு வரப்பாக ஓடி, பருந்துக்குத் தப்பி, பாம்புக்குத் தப்பிச் சேர்த்த சாமை. ஒரு சொல்லில் போய்விட்டது.

நடந்ததைக் கேட்ட சடையன் கல்லுக்குப் பின்னாலிருந்து தணிந்த குரலில் சொன்னது: "இதை வெளியே சொல்லாதே, தங்கச்சி. உனக்குத்தான் அசிங்கம். எனக்கும் கெட்ட பேரு."

செவந்தி வளைக்குத் திரும்பியது. அன்று முழுக்க யார் முகத்திலும் விழிக்கவில்லை. 'நான் ஏன் சொன்னேன்? நான் ஏன் சொன்னேன்?' என்று தன்னையே கடித்துக் குதறிக்கொண்டது. பொழுது சாயும்போது கடைசிக் குட்டி குன்றி வந்து அதன் வாலைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, திருடினது யாரு?"

"தெரியலையே, கண்ணு."

"அப்போ நீ ஏன் ஒளிஞ்சிருக்கே?"

செவந்தி எழுந்தது. நேராகச் சுனைக்கு ஓடியது. எல்லாப் பிராணிகளும் தண்ணீர் குடிக்கும் நேரம். நடுவிலிருந்த பாறை மேல் ஏறி நின்றது.

"எல்லாரும் கேளுங்க! என்னை ஒருத்தன் ஏமாத்திட்டான்! சடையண்ணன் குரல்ல பேசி என் சொல்லை வாங்கி, என் பொதியைத் தூக்கிட்டுப் போயிட்டான்!"

மருதன் என்ற முயல் விழுந்து விழுந்து சிரித்தது. "கேட்டதும் சொல்லிட்டியா? அவ்வளவு வெகுளியா நீ?"

"ஆமா, சொல்லிட்டேன்!" என்றது செவந்தி. அதன் தலை தாழவில்லை. "பயமுறுத்தினான், அவசரப்படுத்தினான், சொல்லிட்டேன். ஏமாந்தது நான். திருடினது அவன். தலை குனிய வேண்டியது யாரு?"

நீருக்குள்ளிருந்து ஆமை மெல்லத் தலையை நீட்டியது.

"போன மழைக்கு என் இலந்தை வத்தல் போச்சு. எனக்கு யானை குரல்ல பேசினான். காட்டுக்கே பலாப்பழப் பரிசு விழுந்திருக்கு, உன் பங்கைத் தர உன் சொல் வேணும்னான். வெட்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டேயும் சொல்லலை."

"எனக்குக் கீரி குரல்," என்றது ஒரு காடை. "சொல்லலைன்னா குகையிலே என் இடத்தைப் பிடுங்கிடுவோம்னு மிரட்டினான்."

ஒவ்வொன்றாக வாய் திறந்தன. கடைசியில் மருதனின் காதுகள் இரண்டும் தொங்கிப்போயின. "என் கிழங்கும் போச்சு," என்று முணுமுணுத்தது. "போன மாசம்தான்."

செவந்திக்கு உடம்பெல்லாம் சூடேறியது. "பார்த்தீங்களா? நாம ஒவ்வொருத்தரும் வாயை மூடிக்கிட்டிருந்ததாலதான் அவன் அடுத்தவர் வாசலுக்குப் போனான்! ஆமையண்ணன் அன்னிக்கே சொல்லியிருந்தா மருதனுக்குத் தெரிஞ்சிருக்கும். மருதன் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். இனிமே குரல் வந்தா முகத்தைக் காட்டச் சொல்லுங்க. சொல்லைக் கேட்டா வாயைத் திறக்காதீங்க. உடனே சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிடுங்க!"

மறுநாளிலிருந்து செவந்தி மீண்டும் வரப்புக்கு ஓடியது. அறுவடை முடிந்த வயலில் சிந்தியதைப் பொறுக்கியது. "மழைக்குள்ளே நிறையுமா?" என்று காடை கேட்டது. "நிறையலைன்னா பாதி. பாதியாவது என்னுடையது!" என்றது செவந்தி. முன்னதில் பாதிதான் சேர்ந்தது. புதுச் சொல் வைத்து அதைக் குகையில் கொடுத்தது.

மேகம் கறுத்துக் கூடிய ஒரு பகலில் புதரிலிருந்து அழுகுரல் கேட்டது.

"அம்மா! அம்மா! நான் குன்றி!"

செவந்தி வளைக்குள் பாய்ந்தது. மூன்று குட்டிகள்தான் இருந்தன. குன்றியைக் காணோம்!

"கண்ணியில மாட்டிக்கிட்டேன், அம்மா! கால் வலிக்குது! குகைச் சொல்லைச் சொன்னா விட்டுடறேன்கிறான்! சொல்லும்மா!"

குன்றியின் குரலேதான். அழும்போது விக்குவதும் அப்படியே. சொல் நாக்கு நுனியில் நின்றது. தானியம் போனால் போகட்டும், பிள்ளை அல்லவா!

"பயப்படாதே கண்ணு! எங்கே இருக்கே? இதோ வர்றேன்!"

"வராதே, அம்மா! வர வேண்டாம்! சொல்லை மட்டும் சொல்லு!"

செவந்தி நின்றது.

வராதே என்கிறதே! இடி இடித்தால்கூட அடிவயிற்றுக்குள் வந்து புகுந்துகொள்ளும் குன்றி, கண்ணியில் மாட்டிக்கொண்டு அம்மாவை வராதே என்று சொல்லுமா?

ஒருவேளை உண்மையாக இருந்தால்? இருந்தாலும் அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நேரே புதரை நோக்கிப் பாய்ந்தது.

"ஓடி வாங்க! எல்லாரும் ஓடி வாங்க! குரல் வந்திருக்கு! குரல் வந்திருக்கு!"

மருதன் தாவி வந்தது. காடைகள் கூட்டமாக வந்து இறங்கின. ஆமையும் கிளம்பியது. புதரைச் சுற்றி வளைத்ததும் உள்ளிருந்து விருட்டென்று ஒரு கரிச்சான் குருவி பறந்து, இரட்டை வால் ஆட, வேப்பமரக் கிளையில் போய் உட்கார்ந்தது. புதரில் கண்ணியும் இல்லை, குன்றியும் இல்லை.

"நீயா!" என்று கத்தியது செவந்தி.

கரிச்சான் சிறுத்தைபோல் உறுமியது. காட்டுக்குள் அந்த உறுமல் கேட்டால் எல்லாம் சிதறி ஓடும். இன்று ஒன்றும் அசையவில்லை.

கரிச்சான் யானையாகப் பிளிறியது. "கலைந்து போங்கள்! மிதித்துவிடுவேன்!"

"மிதி, பார்க்கலாம்! இறங்கி வந்து மிதி!" என்றது மருதன்.

கரிச்சான் கீரியாகச் சீறியது, சடையனாக உறுமியது, வேடனின் விசிலைக்கூட அடித்துப் பார்த்தது. ஒவ்வொரு குரலுக்கும் கீழே நின்றவை இன்னும் ஓரடி மரத்தை நெருங்கின.

"எத்தனை குரல் வேணும்னாலும் வச்சுக்கோ!" என்றது செவந்தி. "எங்ககிட்டே இனி ஒரு சொல்கூட உனக்குக் கிடையாது! எங்கே, உன் சொந்தக் குரல்ல ஒரு வார்த்தை பேசு!"

கரிச்சான் அலகைத் திறந்தது. கீச்சென்று மெலிந்த சத்தம் ஒன்று வந்தது. கீழே சிரிப்பு வெடித்தது. அது மலைக்கு அந்தப் பக்கம் பறந்தே போய்விட்டது.

சற்று நேரத்தில் குகைப் பக்கமிருந்து ஓலம் கேட்டது. கரிச்சான் சொல்லோடு வரும், பொதியை வாங்கித் தரும் என்று வாசலோரம் காத்திருந்த கிழட்டுக் குரங்கைச் சடையன் பார்த்துவிட்டது. கூச்சல் கேட்டு, வருஷக்கணக்கில் நகராத கல்லை நகர்த்திக்கொண்டு சடையன் வெளியே வந்திருந்தது. பின்புறம் முழுக்க முட்களோடு குரங்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது. "தானியம் எனக்கு, அதிலிருக்கும் வண்டும் புழுவும் கரிச்சானுக்கு! அதுதான் எங்க பேச்சு!"

குரங்கின் பொந்தில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் எப்போதோ வயிற்றுக்குள் போயிருந்தது. இருந்ததை ஏமாந்தவர்கள் எல்லாரும் பகிர்ந்துகொண்டார்கள். சடையன் செவந்தியின் முன்னால் வந்து நின்றது. "வெளியே சொல்லாதேன்னு சொன்னது என் தப்பு, தங்கச்சி. இனிமே வெறும் சொல்லுக்குப் பொதி தரமாட்டேன். கல்லைத் திறந்து, முகத்தைப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் தருவேன்."

குன்றி ஆமையின் வீட்டுப் பக்கமிருந்து, வாயெல்லாம் ஈச்சம்பழச் சாறோடு மெதுவாக வந்துசேர்ந்தது. செவந்தி அதை ஓர் அடி அடித்தது. பிறகு இறுகக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதது.

அந்த மழைக்காலம் செவந்திக்கு அரைவயிற்றுக் காலம்தான். கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்று குட்டிகளோடு அது பிழைத்துக்கொண்டது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு கரிச்சான்கள் இன்றும் வந்துபோகின்றன. ஆனால் எந்தப் புதரில் எந்தக் குரல் கேட்டாலும், "முதல்ல முகத்தைக் காட்டு!" என்று காடே ஒன்றாகக் கத்துகிறது.

அவசரப்படுத்தி ரகசியம் கேட்கும் குரல் எவருடையதாக இருந்தாலும் கொடுக்காதே. ஏமாந்துவிட்டால் ஒளிந்துகொள்ளாமல் ஊரறியச் சொல், ஏனென்றால் வெட்கப்பட வேண்டியவன் திருடன்தான்.