வாலாட்டிக் குருவி பனியை முந்திய கதை

குருவியும் பனியும் மனுஷரோடு பேசிய அந்தக் காலத்தில், மேல்மலையில் உறைபனி தன் இஷ்டத்துக்கு வரும், போகும். கேட்பார் கிடையாது.

அந்த மலையில் சடச்சி என்றொருத்தி பச்சைப் பூக்கோசு போட்டுப் பிழைத்தாள். இன்று ப்ராக்கோலி என்று வாய் வலிக்கச் சொல்கிறோமே, அதுதான். மழை முழுக்க ஓயட்டும் என்று காத்திருந்து நாற்று நடுவது ஊர் வழக்கம். அவளும் அப்படியே நட்டாள். பூ திரளும் நேரம் பார்த்துப் பனி இறங்கியது. மொட்டெல்லாம் கருகி அழுகின. இரண்டு வருஷமாக இதே கதை. கையில் மிச்சம் ஒரு பிடி விதை. அதுவும் போனால் மலையைவிட்டு இறங்க வேண்டியதுதான்.

பனியோடு கூடவே வடக்கிலிருந்து ஒரு குருவி வரும். சடச்சியின் பாத்தியில் புழு பொறுக்கித் தின்று வளர்ந்த உடம்பு அதற்கு.

"உங்காளு, அந்தப் பனி, அடுத்த வருசம் எப்ப வருவான்? சொல்லேன்" என்று கெஞ்சினாள் சடச்சி.

"வாயத் தொறக்க மாட்டேன்னு அவன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்க்கா" என்றது குருவி. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பறந்துபோனது.

அடுத்த வருஷம் மழை இன்னும் விடவில்லை. குருவி மட்டும் பனியை முந்திக்கொண்டு தனியாக வந்து நின்றது. பேசவில்லை. கொத்திப்போட்ட பாத்தியில் உட்கார்ந்து, நாற்றுக்குக் குழி போடுவதுபோல் வாலை மண்ணில் குத்திக் குத்திக் காட்டியது. சடச்சிக்குப் புரிந்துவிட்டது. மிச்ச விதையில் வளர்த்திருந்த நாற்றை அன்றே நடத் தொடங்கினாள்.

"சேத்துல நடுறா பாரு, கிறுக்கி!" என்று ஊர் சிரித்தது.

மார்கழியில் பனி வந்தபோது அவள் பூவெல்லாம் வீடு சேர்ந்திருந்தது. பாத்தியில் வெறும் தண்டுதான் நின்றது.

"நீ சொன்னியா?" என்று பனி குருவியைக் கேட்டது.

"நான் வாயே தொறக்கல."

அது உண்மைதான். ஆனால் அதன் வாலில் காய்ந்திருந்த சேற்றைப் பனி பார்த்துவிட்டது. "வாய் காத்த சத்தியத்த வால் ஒடச்சிருச்சு. அந்த வால் இனிமே ஓயவே கூடாது."

சடச்சி ஓடிவந்து அழுதாள். "என்னாலதானே ஒனக்கு இந்தக் கதி?"

"வலிக்கலக்கா. நிறுத்தத்தான் முடியல" என்றது குருவி.

அன்று முதல்தான் வாலாட்டிக் குருவிக்கு வால் ஓய்வதில்லை. மேல்மலைக்காரர்களும் மழை ஓயக் காத்திராமல், குருவி வந்திறங்கியதுமே பூக்கோசு நாற்றை நட்டுவிடுகிறார்கள். பாத்தியில் அது என்ன கொத்தினாலும் யாரும் விரட்டுவதில்லை.