அலகில் இல்லாத மணி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். பொறாமை இல்லாத நாடு ஒன்று இருந்தால், அதை மட்டும் விட்டுவிட்டு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரு சீமை வணிகன் கைத்துப்பாக்கி ஒன்றைக் காணிக்கையாகத் தந்துவிட்டுக் கப்பலேறினான். துறைமுகம் போய் அதை வாங்கிவந்தவன் விகடன் தாண்டவன். 'இந்தக் கோமாளியை நம்பி அனுப்பினாரே!' என்று பிரதானி நரசப்பருக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

துப்பாக்கியோ கொள்ளை அழகு. தந்தப் பிடி, வெள்ளியில் சிங்கமுகம், குழல் நெடுகப் பொற்கம்பிக் கொடி. குழலின் பின்னே, விசையை இழுத்தால் பாய்ந்து அடிக்கும் 'குதிரை' என்ற உறுப்பு; அதைப் பறவைத் தலையாகச் செதுக்கியிருந்தார்கள். அதன் அலகு மட்டும் வெறுமையாகத் திறந்திருந்தது. திரி கொளுத்திச் சுடும் துப்பாக்கியைத் தவிர வேறெதுவும் அறியாத நாடு அது.

"அலகில் ஒரு ரத்தின மணி இருந்திருக்க வேண்டுமே, எங்கே?" என்றார் ராஜா.

"அரசே, இதைச் சுமந்து வந்தவன் தாண்டவன். இதற்குமேல் அடியேன் என்ன சொல்வது?" என்றார் நரசப்பர். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு இப்படியும் கேட்பார்கள் சிலர்.

ராஜாவின் முகம் சிவந்தது. "தாண்டவா, மாலைக்குள் அந்தக் கல் அந்த அலகில் இருக்க வேண்டும். இல்லையேல் உன் தலை கழுத்தில் இராது."

தாண்டவன் முன்னே வந்தான். துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அலகுக்குள் ஒரு தோல் துண்டு. மணி பதிப்பவன் தோல் வைப்பானா? அலகுக்கு எதிரே ஒரு இரும்புத் தகடு. துப்பாக்கி முழுக்கப் பூ இருக்க, அதில் மட்டும் கீறல்களும் கரியும்தான். அவனுக்கு மூச்சு வந்தது. நேரே அரண்மனை மடைப்பள்ளிக்கு நடந்தான்.

திரும்பிவந்தவன் கையில், அடுப்பு மூட்டும் சக்கிமுக்கிக் கல்.

நரசப்பர் சிரித்தார். "அடுப்பங்கரைக் கல்லையா அரசர் ஆயுதத்தில் வைப்பது? இதோ, என் மோதிரத்து மாணிக்கம். மகாராஜா சமுகத்துக்கே சமர்ப்பணம்."

"எது தன்னுடைய கல் என்று துப்பாக்கியே சொல்லட்டும் மகாராஜா," என்றான் தாண்டவன். "குண்டு வேண்டாம், மருந்து மட்டும் போடச் சொல்லுங்கள்."

முதலில் மாணிக்கத்தை வைத்தார்கள். ராஜா விசையை இழுத்தார். டிக். மறுபடியும் டிக். வழவழப்பான மாணிக்கம் இரும்பில் வழுக்கியதுதான் மிச்சம்.

பிறகு சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்ததும் பொறி பறந்தது. டமார்! புகை கலைந்தபோது நரசப்பரின் தலைப்பாகை தரையில் கிடந்தது; அவர் சிம்மாசனத்துக்குப் பின்னால் இருந்தார்.

"கல்லைக் கழற்றித் தருவதுதான் வணிகன் செய்த மரியாதை மகாராஜா. சபையில் தவறி வெடித்துவிடக் கூடாதே," என்றான் தாண்டவன்.

"இத்தனை சின்னக் கல்லுக்குள் இவ்வளவு நெருப்பா?" என்று வியந்தார் ராஜா.

"இதென்ன நெருப்பு? பிரதானியார் வயிற்றில் எரிவதைக் கொண்டு ஒரு பீரங்கியே சுடலாம்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சமர்ப்பணமான மாணிக்கத்தைத் தாண்டவன் கையிலேயே வைத்தார்.

அன்று மாலை நரசப்பர் வீட்டு வாசலில் ஒரு பெரிய பானை வந்து இறங்கியது. உள்ளே நல்ல குளிர்ந்த மோர். தாண்டவன்தான் அனுப்பியிருந்தான்.