குளத்தின் நடுவில் தோரணம்

கதைக்காக ஒரு தீவு நாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கோயில் குளம் உண்டு, அல்லிக் குளம் உண்டு, எருமைகள் பொழுது சாயும்வரை ஊறிக் கிடக்கும் குளம் ஊருக்கு இரண்டாவது உண்டு. ஆனால் போட்டிக்கு ஏற்ற ஐம்பது மீட்டர் நீச்சல் குளம் நாடு முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான். அது தலைநகரில் இருந்தது. மற்ற ஊர்களில் இருந்தவை எல்லாம் அதில் பாதி நீளம். பாதிக் குளத்தில் பழகிவிட்டு முழுக் குளத்தில் வந்து போட்டி போடு என்று பிள்ளைகளிடம் சொல்வது அந்த நாட்டில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

அந்த ஒற்றைக் குளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்களுக்கான மல்லாந்து நீச்சலின் இறுதிப் போட்டி. ஜெயிக்கிறவள் நாட்டின் சார்பில் வெளிநாடு போவாள். போகும்வரை குளத்தை ஒட்டிய விடுதியில் தங்கி, அந்தக் குளத்திலேயே பயிற்சி எடுப்பாள். இடம் ஒன்றுதான்.

தலைமை நடுவர் வேதநாயகி. கறாரானவர், தாட்சண்யம் பார்க்காதவர் என்று பெயர் வாங்கியவர். அன்றைக்கு அந்தப் பெயர் அவருக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

மல்லாந்து நீந்துகிறவர்களுக்கு எதிரே வரும் சுவர் தெரியாது. அதனால் எல்லாக் குளங்களிலும் சுவருக்குக் கொஞ்சம் முன்னால், தலைக்கு மேலே, குறுக்காகச் சின்னச் சின்னக் கொடிகளைக் கட்டியிருப்பார்கள். கொடி தெரிந்ததும் கைவீச்சை எண்ணி, குப்புறப் புரண்டு, சுவரை உதைத்துத் திரும்ப வேண்டும். சுவர் இல்லாத இடத்தில் புரண்டுவிட்டால் தகுதி போயிற்று. சட்டம் அப்படி.

அன்று அமைச்சர் வருவதாக இருந்தது. அமைச்சர் வருகிற இடத்தில் தோரணம் இல்லையென்றால் நீச்சல் சங்கச் செயலாளர் தாமோதரனுக்குச் சோறு இறங்காது. அமைச்சரின் நாற்காலி பார்வையாளர் வரிசையின் நடுவில். எனவே அதற்கு நேராக, குளத்தின் நட்டநடுவில், குறுக்காக ஒரு வரிசை முக்கோணக் கொடிகளைக் கட்டச் சொல்லிவிட்டார். காலையில் குளத்தைச் சுற்றிப் பார்த்து, போட்டி நடத்தலாம் என்று சொல்ல வேண்டியவர் வேதநாயகி. அவரும் தோரணத்தைப் பார்த்தார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

இறுதிக்கு வந்தவர்கள் இரண்டே பெண்கள்தான். பிரிசில்லாவின் வீடு குளத்துக்குப் பின்தெருவில். சின்ன வயதிலிருந்து அங்கேயே நீந்துகிறவள். மங்கையற்கரசி பனிமேடு என்ற வெளியூர்க்காரி, பாதிக் குளத்தில் பழகியவள். முழுக் குளத்தில் அவள் முதன்முதலாக இறங்கியதே முந்தின நாள் தகுதிச் சுற்றில்தான். அப்போது நடுவில் தோரணம் இல்லை. அவள் ஒரு பிழையும் செய்யவில்லை.

விசில் அடித்தது. மங்கை முந்திக்கொண்டு போனாள். தலைக்கு மேல் கொடிகள் வந்தன. பழகிய உடம்பு தானாகவே கைவீச்சை எண்ணிக் குப்புறப் புரண்டது. எதிரே சுவர் இல்லை, தண்ணீர்தான். திகைத்துப்போய் மறுபடி மல்லாந்து, உயிரைக் கொடுத்து நீந்தினாள். அத்தனைக்கும் பிறகு முதலில் முடித்தவள் அவள்தான். ஒரு கை அகலம் பின்னால் பிரிசில்லா.

பக்கவாட்டு நடுவர் ஜெகதீசன் கையை உயர்த்திவிட்டார். "சுவர் இல்லாத இடத்துல புரண்டுட்டா மேடம். நான் கண்ணால பார்த்தேன். தகுதி நீக்கம் பண்ணித்தான் ஆகணும்."

மங்கை கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "கொடியைப் பார்த்துத் திரும்புன்னு நீங்கதானே மேடம் சொல்லிக் கொடுத்தீங்க எல்லாரும். கொடியைப் பார்த்தேன். திரும்பினேன். அப்புறமும் நான்தானே முதல்ல வந்தேன்?"

தோரணத்தை அவிழ்த்துவிட்டு மறுபடி நடத்தலாமா என்று வேதநாயகி வாய்க்குள் முனகியது பிரிசில்லாவின் காதில் விழுந்துவிட்டது. அவள் கண் கலங்கிவிட்டது. "நானும் அதே கொடிக்குக் கீழேதான் போனேன். நான் புரளலையே. நான் என்ன தப்பு பண்ணேன், எதுக்கு மறுபடி நீந்தணும்?"

வேதநாயகிக்குத் தலை சுற்றியது. ஜெகதீசன் சொன்னதைக் கேட்டால் அது சரி. மங்கை சொன்னதைக் கேட்டால் அதுவும் சரி. பிரிசில்லா சொன்னதற்கோ பதிலே இல்லை. சட்டத்தை மீறியவளுக்கு இடத்தைக் கொடுப்பதா? கொடியை நம்பியவளைத் தண்டிப்பதா? ஒழுங்காக நீந்தியவளிடமிருந்து ஜெயித்ததைப் பிடுங்குவதா? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெண் அழுதாள். பாவம், மனுஷி குழம்பிப்போய் விசிலை வாயில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். அமைச்சர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: மூன்று பேரில் யார் பேச்சு நியாயம்? வேதநாயகி அந்த ஒரு இடத்தை யாருக்குக் கொடுக்க வேண்டும்?

*

விடை: இப்போதைக்கு யாருக்கும் கொடுக்கக் கூடாது. மங்கை முதலில் வந்தது உண்மை, புரண்டதும் உண்மை. அவள்மேல் இரக்கப்பட்டு இடத்தைக் கொடுத்தால் அது போட்டியில்லை, தானம். பிரிசில்லாவுக்கும் கொடுக்க முடியாது. அந்தக் கொடி பொய் என்பது அங்கேயே வளர்ந்தவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தியை மட்டும் ஏமாற்றக்கூடிய குளத்தில் நடந்தது போட்டியாகாது. ஆகவே தோரணத்தை அறுத்துவிட்டு, இருவரும் இளைப்பாறிய பிறகு, மறுபடி நீந்த வேண்டும். பிரிசில்லாவுக்கு இது அநியாயம்தான், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது மங்கையும் இல்லை, தாமோதரன்கூட இல்லை. "காலையில பார்த்தும் பார்க்காத மாதிரி போனது நான்தான்" என்று வேதநாயகி அமைச்சர் காதுபட ஒலிபெருக்கியில் சொல்லி, இரண்டு பெண்களிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு வாய் வராது என்றால், விசிலை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போவதுதான் சரி.