தலை இடிக்கிற வாசல்

ஒரு ஊர்ல ஒரு பெரிய வீதி இருந்துச்சாம். வீதி முழுக்க அந்தக் காலத்துக் கருங்கல் வீடு. சுவரு கல்லு, தூணு கல்லு, வாசல் நிலையும் கல்லு. ம் கொட்டணும், இல்லேன்னா நிறுத்திருவேன். ம்... அப்படி வா வழிக்கு.

கட்டினவங்க என்ன நெனச்சாங்களோ, எல்லா வாசலும் என் கழுத்து உசரந்தான். குனிஞ்சு குனிஞ்சே அந்த வீதிக்காரங்களுக்குப் பழகிப்போச்சு. கல்யாணப் பந்தலுக்குள்ள போனாக்கூட குனிஞ்சுதான் போவாங்க.

அதுல ஒரு வீட்ல சொக்கின்னு ஒரு வாயாடிப் பொண்ணு. அவளைப் பொண்ணு பாக்க ரெண்டு மாப்பிள்ளை வந்தாங்க. உள்ள வர்றப்போ பாத்துக் குனிஞ்சு வந்துட்டாங்க. கிளம்பறப்போ பொண்ணையே திரும்பித் திரும்பிப் பாத்தாங்களா, ணங்! வெளிய கிளம்பறப்போ தலை இடிச்சா சகுனத் தடை இல்லையா? உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போனாங்க. போனவங்க போனவங்கதான்.

அப்புறம் மூணாவதா வந்தான் ஆவுடையப்பன். பனைமர உசரம். பாத்ததுமே சொக்கிக்குப் பிடிச்சுப்போச்சு. ஐயோ, இவனும் இடிச்சுக்குவானேன்னு அவ வாசலையும் அவன் தலையையும் மாத்தி மாத்திப் பாக்கிறா. ஆனா அவ அத்தை முன்னாடியே மிரட்டி வெச்சிருந்தா: "வந்தவங்க முன்னாடி வாயைத் தொறந்தே, தொலைச்சிருவேன்!"

பஜ்ஜி, காப்பி ஆச்சு. கிளம்பினான். ணங்!

"உக்காருடா, தண்ணி குடிச்சிட்டுப் போவோம்"னாங்க அவன் அம்மா உலகம்மா. மடக் மடக்னு ஒரு சொம்பு குடிச்சான்.

அப்புறம் எந்திரிச்சான். "குனிடா"ன்னாங்க அம்மா. "சரிம்மா"ன்னுக்கிட்டே சொக்கியைத் திரும்பிப் பாத்தான். ணங்! இன்னொரு சொம்பு. உலகம்மா முகம் சுருங்கிப்போச்சு. "இன்னொரு தடவை இடிச்சே, இந்தச் சம்பந்தமே வேண்டாம்."

அப்போ மூணாவது தடவை எந்திரிச்சான். வயித்துக்குள்ள தண்ணி களக் களக்குங்குது. ஒரு அடி... ரெண்டு அடி... இப்பவும் திரும்பித்தான் பாக்கிறான், அசடு! தூங்கிட்டியா? ம்...

சொக்கிக்குப் பொறுக்கல. அத்தை தொலைச்சா தொலைக்கட்டும்னு போட்டா ஒரு சத்தம்:

"யோவ், குனிய்யா!"

சடக்னு குனிஞ்சான். தலை தப்பிச்சது. ஆனா அத்தை தலையில கைவெச்சுக்கிட்டா. கெட்டுச்சு காரியம்னு சொக்கிக்குக் கண்ணுல தண்ணி முட்டுது.

உலகம்மா அவ கிட்ட வந்தாங்க. "இருபத்தாறு வருசமா நானும் குனிடா, குனிடாங்கிறேன். ஒரு நாள் குனிஞ்சிருக்கானா? நீ ஒரு தடவை சொன்னே, மடங்கிட்டான் பாரு! ஏம்மா, தட்டை மாத்திக்கலாமா?"

அப்புறமென்ன, பீப்பீ டும்டும், கோயில்ல கல்யாணம். கோயில் வாசலோ யானை நுழையற உசரம். சொக்கி பழக்கதோஷத்துல குனிஞ்சா. அவளைப் பாத்து அவன் குனிஞ்சான். அவனைப் பாத்து உலகம்மா குனிஞ்சாங்க. கடைசியில மேளக்காரரும் மேளத்தோட குனிஞ்சாரு.

கதையும் குனிஞ்சு வெளிய போயிருச்சு. நீ போர்வைக்குள்ள போ, கண்ணை மூடு.