மைனா வீட்டு மொய்

“நான் என்ன தங்கத்தையா திங்கறேன்? ஒரு வெட்டுக்கிளி! சாயங்காலம் வாய்க்கு ருசியா ஒரே ஒரு வெட்டுக்கிளி! அதுலயா உன் கடன் அடையப் போகுது?”

ஏரிக்கரை வாகைமரத்தின் உச்சியில் நின்று இப்படிக் கத்தியது சொக்கன் என்கிற ஆண் மைனா.

“என் கடன் இல்லை, நம்ம கடன்!” என்றாள் அவன் மனைவி வடிவு. “ஓணான் பாறையில காயப்போட்டு மொறுமொறுன்னு விக்கிற வெட்டுக்கிளிக்கு ஒரு கடலை விலை. நீங்களே பறந்து பிடிச்சா இனாம். இறக்கை எதுக்கு இருக்கு, அழகுக்கா?”

“நீ மட்டும் யோக்கியமா? அணில்கிட்ட கொடுக்காப்புளி வாங்கித் தின்னியே!”

“அதை நிறுத்தியாச்சு. முட்டையிடப் போற நேரம், மெத்தைக்குப் பாம்புச் சட்டை வேணும்னு கேட்டேனா? வெறும் வைக்கோல்! முதுகெல்லாம் குத்துது. வாயைத் திறந்தேனா?”

“இப்பத் திறந்திருக்கியே!”

வடிவு முறைத்தாள். சொக்கன் சிரித்துவிட்டான். முறைத்துக்கொண்டே இருக்க முடியாமல் அவளும் சிரித்துவிட்டாள். இவர்கள் சண்டை எப்போதும் இப்படித்தான் முடியும். கடன்தான் முடிந்தபாடில்லை.

இத்தனை கடன் எப்படி வந்தது? தின்று தீர்த்தார்களா? இல்லை. மொய் வைத்தே தீர்த்தார்கள்.

அந்தக் காட்டில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் வெறும் அலகோடு போகக் கூடாது. தோல் உரிக்காத நிலக்கடலையை இலையில் சுற்றி மொய் வைக்க வேண்டும். காக்கை வீட்டில் குஞ்சுக்கு இறக்கை முளைத்தால் மொய். கொக்கு வீட்டில் முதல் மீன் பிடித்தால் மொய். ஆலமரத்துத் தவிட்டுக்குருவிகள் அக்கா தங்கை ஏழு பேர். ஏழு பேருக்கும் தனித்தனி விசேஷம், தனித்தனி மொய்! சேர்ந்து பறக்கிறவர்கள் சேர்ந்து ஒரு விசேஷம் வைத்தால் என்ன? வைக்க மாட்டார்கள்.

அறுவடை சமயம் தவிர மற்ற நாளில் கடலைக்கு எங்கே போவது? பாறைக்கு அடியில் வளை தோண்டிக் கடலையைக் குவித்து வைத்திருந்தது ஒரு பெருச்சாளி. “மாப்பிள்ளை, உங்களுக்கு இல்லாததா!” என்று குழைந்து குழைந்து கொடுக்கும். கொடுக்கும் முன் ஒவ்வொரு கடலையின் நுனியிலும் தன் பல்லால் ஒரு கீறல் போட்டுவிடும். தன் சொத்து என்பதற்கு அடையாளம். நாலு வாங்கினால் ஐந்தாகத் திருப்ப வேண்டும். அது வட்டி.

கீறல் விழுந்த கடலையைச் சபையில் வைத்தால் மானம் போய்விடாதா? அதனால் வடிவு ஒரு யுக்தி செய்வாள். ஏரிச் சேற்றை எடுத்துக் கீறலின் மேல் பூசிக் காயவைப்பாள். இப்போதுதான் வயலிலிருந்து பிடுங்கியது போல் இருக்கும். கெட்டிக்காரிதான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கடன் வாங்காமல் இருப்பதில் காட்டியிருக்கலாம்.

கடைசியாக வாங்கும்போது பெருச்சாளி குழையவில்லை. “மாப்பிள்ளை, கடலை அறுவடை முடியறதுக்குள்ள பாக்கி தீரணும். இல்லேன்னா உங்க பொந்து எனக்கு!” என்றது. பெருச்சாளி மரமேறிக் குடியிருக்கவா போகிறது? அந்தப் பொந்துக்கு ஒரு கிளி ஜோடி பெருச்சாளியிடம் அட்வான்ஸே கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. மழை புகாத, பாம்பு ஏறாத பொந்து அந்தக் கரையில் அது ஒன்றுதான்.

ஆகவேதான் வடிவு வீட்டுச் செலவைப் பிடித்து இறுக்கினாள். வெட்டுக்கிளி போயிற்று. கொடுக்காப்புளி போயிற்று. பாம்புச் சட்டை போயிற்று. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, கொஞ்சம் கடலை சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் காக்கை வந்து நின்றது. “அண்ணே! மதினி! நாளைக்கு ரெண்டாவது குஞ்சுக்கு இறக்கை முளைச்ச விசேஷம். குடும்பத்தோட வந்துடணும்!”

காக்கை போனதும் வடிவு, “போக வேணாம்ங்க,” என்றாள்.

“போகாம இருந்தா நாலு பேர் என்ன சொல்வாங்க? முதல் குஞ்சுக்கு வச்சதைவிட ஒண்ணாவது கூட வைக்கணும், வடிவு!”

“நம்ம குஞ்சு எங்கே பொரியும்னு அந்த நாலு பேர் கேட்டாங்களா?”

கேட்டாள், ஆனாலும் போனாள். சேர்த்த கடலை அத்தனையும் காக்கை வீட்டுக்குப் போயிற்று.

வீடு திரும்பும் வழியில் சொக்கனுக்கு ஒரு யோசனை பிறந்தது. வயிறு காலியாக இருக்கும்போது பிறக்கும் யோசனை எப்படி இருக்கும்?

“வடிவு! ஊரெல்லாம் மொய் வச்சோமே, நாம ஒரு விசேஷம் வச்சோமா? வச்சா வச்சதெல்லாம் திரும்பி வரும்! ஒரே நாள்ல கடன் தீர்ந்துடும்!”

“என்ன விசேஷம் வைக்கிறதாம்?”

“புதுமனை புகுவிழா!”

“மூணு வருஷமா குடியிருக்கிற பொந்துக்கா?”

“வாசல்ல புதுசா ரெண்டு சுள்ளி வைப்போம். புதுமனை ஆயிடும்!”

அடமானத்தில் இருக்கிற பொந்துக்குப் புதுமனை புகுவிழா! சிரிக்காதீர்கள். வடிவு சிரிக்கவில்லை. “அந்தப் பெரிய இடத்து மயில் வருமா?” என்று கேட்டாள். “வந்தா வெறும் வைக்கோலைப் பார்த்து என்ன நினைக்கும்? ஒரே ஒரு பாம்புச் சட்டை வாங்கிடுவோம்.” அவளும் சறுக்கிவிட்டாள்.

விருந்துக்குக் கடலை வேண்டும். மறுபடி பெருச்சாளி. “விசேஷமா! கேட்கவே சந்தோஷமா இருக்கு, மாப்பிள்ளை!” என்று அது வாரி வாரிக் கொடுத்தது. அந்தக் கடலையைக் கொடுத்து நெல் வாங்கினார்கள், ஈசல் வாங்கினார்கள், நாவல்பழம் வாங்கினார்கள். பாம்புச் சட்டைக்குத்தான் மிச்சமில்லை.

விசேஷ நாள் வந்தது. வாகைமரத்தில் உட்கார இடமில்லை. காக்கை வந்தது, கொக்கு வந்தது, தவிட்டுக்குருவிகள் ஏழும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தன. கிளி ஜோடியும் வந்தது. மரத்தடியில் பெருச்சாளி முதல் பந்தியிலேயே உட்கார்ந்துகொண்டது. மயில் வரவில்லை.

மொய் வந்து குவிந்தது. சொக்கன் தலையை ஆட்டி ஆட்டி வாங்கினான். “பார்த்தியா? பார்த்தியா?” என்று மனைவியை இடித்தான்.

வடிவு பார்த்தாள். காக்கை வைத்த கடலையின் நுனியில் காய்ந்த சேறு. கொக்கு வைத்ததிலும் சேறு. தவிட்டுக்குருவிகளின் ஏழு பொட்டலங்களிலும் சேறு. அறுவடை இன்னும் தொடங்கவே இல்லை. வயல் சேறு ஒட்டிய கடலை எங்கிருந்து வரும்?

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு கடலையைக் கவ்விக்கொண்டு ஏரிக்குப் பறந்தாள். தண்ணீரில் முக்கினாள். சேறு கரைந்தது. கீழே பல் கீறல்!

இன்னொன்று. அதிலும் கீறல். இன்னொன்று. அதிலும்!

திரும்பி வந்து, “ஏங்க, இங்க வாங்க,” என்று கணவனை ஓரமாக இழுத்தாள். “இத்தனை பேரும் நம்மளை மாதிரிதான். பெருச்சாளிகிட்ட வாங்கி நமக்கு வைக்கிறாங்க. நாம வாங்கி அவங்களுக்கு வச்சோம். ஒரே கடலைதான் சுத்திச் சுத்தி வருது. ஒவ்வொரு சுத்துக்கும் வட்டி மட்டும் வளைக்குள்ள போகுது!”

சொக்கன் குவியலைப் பார்த்தான். வந்த மொய் பழைய பாக்கிக்குத்தான் சரியாக இருக்கும். விருந்துக்கு வாங்கியது அப்படியே நிற்கிறது.

“பேசாம இரு, வடிவு,” என்று கிசுகிசுத்தான். “பந்தி நடக்குது. வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்.”

அப்போது பொந்து வாசலில் பெண் கிளியின் குரல் கேட்டது. “இந்த மூலையில என் முட்டையை வச்சா காத்து படாது. இந்த வைக்கோலை எல்லாம் தூக்கி வெளியே போடணும். ஐயே, என்ன கூடு இது!”

எதற்கும் பதில் வைத்திருக்கிற வடிவு வாயை மூடிக்கொண்டு தன் கால்களைப் பார்த்தாள். சொக்கன் அவளை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. முதுகு குத்தினாலும் அவள் ஒவ்வொரு துரும்பாக அடுக்கிய வைக்கோல் அது.

அவன் விருட்டென்று பறந்து நடுக்கிளையில் உட்கார்ந்தான்.

“எல்லாரும் கேளுங்க! நாங்க கடன்காரங்க! இந்தப் பொந்தே அடமானத்துல இருக்கு! இது புதுமனையும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீங்க சாப்பிடறது கடன் வாங்கின சாப்பாடு!”

பந்தி நின்றது. கொக்கின் வாயில் பாதி ஈசல்.

“ஏண்ணே, கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்தறீங்களா?” என்றது காக்கை.

“உன்னை இல்லைப்பா, என்னைத்தான் சொல்றேன். நாங்க உங்களுக்கு வச்சது இன்னிக்குத் திரும்பி வந்தாச்சு. கணக்கு தீர்ந்தது. இனி யாருக்கும் மொய் வைக்க மாட்டோம். யார்கிட்டேயும் வாங்கவும் மாட்டோம். கூப்பிட்டா வெறும் அலகோடதான் வருவோம். கூப்பிடாட்டியும் கோவம் இல்லை.”

அப்புறம் மூத்த தவிட்டுக்குருவி மெல்ல, “எங்க ஆலமரக் கிளையும் அடமானத்துலதான் இருக்கு,” என்றது. உடனே மற்ற ஆறும், “யார்கிட்டேயும் சொல்லாதேன்னியே!” என்று அக்காவின் மேல் பாய்ந்தன.

கொக்கு ஈசலை விழுங்கிவிட்டு, “எனக்கும் உண்டு,” என்றது. காக்கை மட்டும் பறந்து போய்விட்டது.

சொக்கனும் வடிவும் மொய்க் கடலை முழுவதையும் பெருச்சாளியின் முன்னால் கொட்டினார்கள்.

“எல்லாம் உங்க பல் பட்டதுதான், மாமா. பழைய பாக்கிக்கு எடுத்துக்குங்க,” என்றாள் வடிவு. “விருந்துக் கடன் அறுவடைக்குள்ள வந்துடும்.”

“வரலேன்னா?” என்றது பெருச்சாளி.

“வரலேன்னா கிளிக்கு வைக்கோலையும் சேர்த்துக் கொடுக்கறேன். இப்பக் கிளம்புங்க!”

அறுவடை தொடங்கியது. ஆட்கள் கடலைச் செடியைப் பிடுங்கிப் போட, மண்ணுக்குள் தப்பிய கடலையைக் கிளறிக் கிளறி எடுத்தார்கள் இருவரும். கொக்கு வீட்டில் ஒரு விசேஷம். தலையைக் காட்டிவிட்டு உடனே வயலுக்குத் திரும்பினார்கள். தவிட்டுக்குருவிகள் விசேஷமே வைக்கவில்லை. அவர்களும் வயலில்தான் இருந்தார்கள், ஏழு பேரும் கத்திக்கொண்டு. வடிவுக்கு முட்டையின் கனம். பறக்கும்போது மூச்சு வாங்கும்.

“நீ நிழல்ல உட்காரு,” என்பான் சொக்கன்.

“நான் உட்கார்ந்தா நீங்க வரப்புல உட்கார்ந்து கதை பேசுவீங்க!”

“பேச மாட்டேன். உட்காரேன், தாயே!”

அவள் உட்கார்ந்தாள். அவன் நிஜமாகவே பேசவில்லை. நகம் தேயக் கிளறினான். கடைசி வயலில் கடைசிச் செடியை ஆட்கள் பிடுங்கி முடித்த அன்று, விருந்துக் கடனும் வட்டியும் பெருச்சாளியின் வளை வாசலில் குவிந்து கிடந்தன. கிளிகள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டுவிட்டு, மொட்டைப் பனை ஒன்றைத் தேடிப் போயின. அதே வைக்கோலில் வடிவு முட்டையிட்டாள். நீல முட்டைகள்.

காக்கை ரொம்ப நாள் பேசவில்லை. அது சொக்கனுக்கு வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது குஞ்சுக்கு இறக்கை முளைத்தபோது அழைப்பும் வரவில்லை. ஆனால் அதற்கு அடுத்து அடித்த காற்றில் காக்கைக் கூடு பாதி சரிந்தது. இருவரும் அழைக்காமலே போய்ச் சுள்ளி எடுத்துக் கொடுத்தார்கள். காக்கை முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கியது. கடைசிச் சுள்ளியின்போது, “மதினி, முட்டையை யார் பார்த்துக்கறா? கிளம்புங்க,” என்றது.

மெல்ல மெல்ல அந்தக் கரையில் மொய் நின்றது. விசேஷம் நிற்கவில்லை, வந்தவர்கள் வாயாரப் பேசினார்கள், இருந்ததைத் தின்றார்கள், போனார்கள். பெருச்சாளியின் வளையில் கடலை குவிந்து, ஈரம் பட்டு, முளைக்கத் தொடங்கியது. அது மரம் மரமாகப் போய் நின்று தலையைத் தூக்கிக் கெஞ்சியது.

“யாராவது ஒரு விசேஷம் வையுங்களேன்! வட்டியைப் பாதியாக்கிடறேன்! சின்னதா ஒண்ணு வையுங்களேன்!”

வாகைமரத்தில் சொக்கன் தானே பிடித்த வெட்டுக்கிளியைத் தின்றுகொண்டிருந்தான். ஆலமரத்தில் ஏழு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் மெச்சச் செய்யும் செலவை விட்டுவிட்டு வீட்டு வயிற்றை மட்டும் சுருக்கினால், கணவனும் மனைவியும் எத்தனை பட்டினி கிடந்தாலும் கடன் அடையாது.