இரண்டாவது ஆள்

"ஃப்யூலைக் குறைச்சா என்ன?" என்று கேட்டார் கார்மேகம்.

 யாஸ்மின் ஹெலிகாப்டரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கார்மேகம் சமவெளியில் பல வருடம் ஹெலிகாப்டர் ஓட்டியவர். மலையில் பறக்கக் கற்றுக்கொள்ள இந்தச் சின்ன விமானத்தளத்துக்கு வந்திருந்தார். கற்றுத்தரும் யாஸ்மின் அவரைவிட வயதில் இளையவர். பதவியிலும் ஒரு படி கீழே.

மேலே, சிகரத்தை ஒட்டிய முகாமில், பனிச்சரிவில் சிக்கிய இரண்டு ராணுவ வீரர்கள் கிடந்தார்கள். அந்தோணிராஜுக்கு நெஞ்சில் அடி. நினைவில்லை. இசக்கிமுத்துவுக்குக் கால் நசுங்கியிருந்தது.

அந்த உயரத்தில் காற்று மெலிந்து கிடக்கும். எரிபொருளை நிறைய ஏற்றிக்கொண்டு போனால் ஓர் ஆளைத்தான் தூக்க முடியும். குறைத்துக்கொண்டு போனால் இரண்டு பேரையும் தூக்கிவிடலாம்.

ஆனால் திரும்பும் நேரத்தில் வழியிலுள்ள கணவாயை மேகம் அடைத்துவிட்டால், வேறு பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றி வர எரிபொருள் இருக்காது.

"மேகம் இன்னும் தூரத்துலதான் நிக்குது, மேடம். போன வேகத்துல திரும்பிடலாம்."

"திரும்பிடலாம்."

"அப்போ குறைக்கட்டுமா?"

"இன்னைக்குக் கேப்டன் நீங்கதானே, சார். நான் பக்கத்து சீட்."

கார்மேகத்துக்குச் சுருக்கென்றது.

"நேரா பதில் சொல்ற பழக்கமே கிடையாதா டீச்சரம்மாவுக்கு?"

"உண்டே. கேள்வி நேரா வந்தா."

"நான் என் உயிருக்குப் பயப்படுற ஆள் இல்லை. அதைத் தெரிஞ்சுக்குங்க."

"உங்க உயிரைப் பத்தி நான் கேட்கவே இல்லையே."

 கார்மேகம் கணவாய்ப் பக்கம் பார்த்தார். மேகம் அங்கேயே நின்றது. அல்லது, கொஞ்சம் நகர்ந்திருந்தது.

"ஒருத்தரைத்தான் தூக்க முடியும்னு வச்சுக்குங்க. யாரை முதல்ல?" என்று கேட்டார் யாஸ்மின்.

"அந்தோணிராஜைத்தான். இதுல என்ன சந்தேகம்?"

யாஸ்மின் துணியை மடித்து வைத்தார். ரேடியோவின் மைக்கை எடுத்து நீட்டினார்.

"இசக்கிமுத்துகிட்ட சொல்லுங்க."

கார்மேகத்தின் கை எழவில்லை.

"அதை முகாம் டாக்டர் சொல்லிக்குவாரு."

"டாக்டரா ஓட்டப் போறாரு?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

காலையிலிருந்து கார்மேகம் எடையைக் கணக்குப் போட்டார். காற்றைக் கணக்குப் போட்டார். எந்தக் கணக்கைப் போட்டாலும் இரண்டு பேரையும் தூக்கிவிடலாம் என்றே வந்தது. அப்படி வந்தால்தான் 'நீ இரண்டாவது' என்ற இந்த ஒரு வார்த்தையை யாரிடமும் சொல்ல வேண்டியிருக்காது.

இப்போதுதான் அது அவருக்குத் தெரிந்தது.

அவர் மைக்கை வாங்கினார்.

"இசக்கிமுத்து, நான் கார்மேகம் பேசறேன். ஹெலிகாப்டர் பைலட்."

"சொல்லுங்க சார்." குரல் நடுங்கியது. குளிரோ, வலியோ.

"முதல்ல அந்தோணிராஜைக் கொண்டுபோறேன் தம்பி. உன்னை அடுத்த நடையிலதான் தூக்க முடியும்."

கொஞ்ச நேரம் ரேடியோவில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நடுவுல மேகம் மூடிட்டுன்னா, சார்?"

கார்மேகம் யாஸ்மினைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடிட்டா இன்னைக்கு வர முடியாது. விலகினதும் வருவேன்."



"சரி சார். அவனைக் கொண்டுபோங்க."

"இசக்கிமுத்து..."

"ஹெலிகாப்டரைப் பத்திரமாப் பாத்துக்கோங்க சார். நான் இன்னும் இங்கனதான கெடக்கேன்."