அம்மையின் குரலில் வந்த அழைப்பு

ஜவ்வாது மலையடியில் இருக்கும் அந்தச் சிறிய மடத்துக்குச் செண்பகவல்லி வந்து சேர்ந்தபோது அவள் கையில் ஒரு துணிப்பை மட்டும்தான் இருந்தது.

மடத்தை நடத்திவந்த ஆதிரையம்மைக்கு வயது நாற்பதுக்குச் சற்று மேல். அவருடைய சீடர் மாசிலாமணி அவரைவிட வெகுவாக மூத்தவர். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இங்கே வந்து தங்கிவிட்டார். போன் எடுப்பது, வருகிறவர்களைக் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கேட்டவருக்குக் கேட்ட விவரத்தைச் சொல்லி அனுப்புவதில் அவருக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

செண்பகவல்லி அம்மையின் முன் உட்கார்ந்தாள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்கிட்ட இப்ப என் பேர்கூட இல்லம்மா,” என்றாள்.

அம்மை தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

“வீட்டுக்காரர் எடுத்துக்கிட்டார். போன் ரிப்பேர் கடை வச்சிருக்கார். என் ஆதார் அட்டையைக் காட்டி என் பேர்ல சிம் வாங்கினார். அதுல என் போட்டோவைப் போட்டு, நான் எழுதுற மாதிரியே எல்லாருக்கும் எழுதுறார். ‘என்னைத் தேடாதே, எனக்கு உன் உறவே வேண்டாம்’னு எங்க அம்மாவுக்கு நான் எழுதினதா ஒரு மெசேஜ். நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்த்தேன். என் பாஸ்வேர்டைப் போட்டு, ஒரு நோயாளியோட ரிசல்ட்டை எடுத்து வெளியே விட்டுட்டார். வேலை போச்சு. அதுதான் அவருக்கு வேணும். நான் எங்கேயும் போகக்கூடாது.”

“போலீஸ்ல சொல்லலையாம்மா?” என்று கேட்டார் மாசிலாமணி.

“மனு குடுத்திருக்கேங்க ஐயா. ஆனா அட்டை எல்லாம் அவர்கிட்ட இருக்கு. நான்தான் நான்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமில்ல.”

“இங்கே இரு,” என்றார் அம்மை.

அடுத்த வாரம் மடத்துக்கு ஒரு போன் வந்தது. மாசிலாமணி எடுத்தார்.

“வணக்கம் சார். ஆஸ்பத்திரி ஆபீஸ்லேர்ந்து பேசுறோம். செண்பகவல்லி மேடத்தோட விசாரணை முடிஞ்சுது. அவங்க மேல தப்பில்ல. திரும்ப வேலைக்கு எடுக்கலாம்னு இருக்கோம். அவங்க அங்கதான் இருக்காங்களா சார்?”

மாசிலாமணிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “இருக்காங்க, இருக்காங்க. துணி துவைச்சுக்கிட்டிருக்காங்க. கூப்பிடட்டுமா?”

“வேண்டாம் சார். நாங்களே பேசிக்கிறோம். ரொம்ப நன்றி.”

அவர் கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் செய்தியைச் சொன்னார். செண்பகவல்லியின் கையிலிருந்த சேலை தண்ணீரில் விழுந்தது.

“நான் இங்க இருக்கிறது ஆஸ்பத்திரியில யாருக்கும் தெரியாதுங்க ஐயா.”

அவளுடைய முகத்தைப் பார்த்ததும், பேசியது அவள் வீட்டுக்காரர்தான் என்று மாசிலாமணிக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் மனம் ஒப்பவில்லை. அம்மையிடம் போய் நின்றார்.

“மரியாதையாத்தான் கேட்டாங்கம்மா. நான் பொய் சொல்லல. இருக்கிறதைத்தானே சொன்னேன்? உண்மையைச் சொல்றது ஒரு தப்பாம்மா?”

அம்மை வாசல் பக்கம் பார்த்தார். கீரைக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றிருந்தாள். தரை கொதித்தது. கால் மாற்றி மாற்றி நின்றாள்.

“அங்க ஒரு ஜோடி செருப்பு கிடக்குதே ஐயா, அதை எடுத்து அந்தம்மாவுக்குக் குடுங்க.”

மாசிலாமணி போனார். குனிந்தார். நிமிர்ந்துவிட்டார்.

“அம்மா, இது செண்பகவல்லியோடது.”

“கீரைக்காரம்மா மரியாதையாத்தான் நிக்கிறாங்க.”

“இருந்தாலும் இது என்னோடது இல்லையேம்மா, நான் எடுத்துக் குடுக்க.”



சொல்லி முடித்ததும் மாசிலாமணிக்கே உறைத்தது. பிறகு உள்ளே போய்த் தன் செருப்பைக் கொண்டுவந்து கீரைக்காரியிடம் கொடுத்தார். அளவு பெரிது. அவள் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டு தப்புத் தப்பென்று நடந்து போனாள்.

“இன்னிக்கே அந்தப் பொண்ணைப் பத்திரமான ஒரு வீட்டுல விட்டுட்டு வாங்க ஐயா,” என்றார் அம்மை. “எந்த ஊர், யார் வீடுன்னு எனக்குச் சொல்ல வேண்டாம்.”

“உங்களுக்குக்கூடவா?”

“எனக்கு எதுக்கு?”

இத்தனை வருஷத்தில் அம்மைக்குத் தெரியாமல் அவர் ஒரு காரியம் செய்ததில்லை. மனசு கேட்காமலேதான் செண்பகவல்லியைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். தனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு குடும்பத்தில் விட்டுவிட்டு வந்தார். எந்த ஊர் என்று நாமும் கேட்க வேண்டாம்.

மறுநாளே அவளுடைய கணவன் சம்பத் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். பணிவாகக் கும்பிட்டான்.

“என் சம்சாரத்தைக் கூட்டிப் போக வந்தேம்மா. அவளுக்குக் கொஞ்சம் மனநிலை சரியில்ல. நம்பலன்னா பாருங்க, இது அவ ஆதார் அட்டை.”

அம்மை அட்டையை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“உங்க அட்டை எங்கே?”

“என்னோடதா? வீட்டுல இருக்கும்மா.”

“உங்களோடது வீட்டுல இருக்கு. அவங்களோடது உங்க சட்டைப்பையில இருக்கு.”

சம்பத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. அறை அறையாகப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றான். “பார்த்துக்கங்க,” என்றார் அம்மை. பார்த்தான். யாரும் இல்லை. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

மனு என்ன ஆயிற்று என்று பார்த்துவர அம்மை திருவண்ணாமலை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். அவர் போன பிறகு, மாசிலாமணி சாப்பிட உட்காரும் வேளையில் போன் அடித்தது.

“ஐயா, நான்தான்.”

அம்மையின் குரல். வாக்கியத்தின் நடுவே அவர் எடுக்கும் சின்ன மூச்சுகூட அப்படியே இருந்தது.

“என் போன்ல சார்ஜ் போயிடுச்சு. ஸ்டேஷன்ல ஒருத்தரோட போன்ல பேசுறேன். செண்பகவல்லி எந்த ஊர்ல இருக்குதுன்னு உடனே வேணுமாம். சொல்லுங்க.”

ஊர்ப்பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கேட்பது குரு. இவர் எதை மறைப்பது?

“அம்மா... நீங்கதானே உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னீங்க?”

“இப்ப நான்தானே கேக்கிறேன்?”

“நீங்க வந்ததும் செண்பகவல்லியையே ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? என் மேலயே சந்தேகமா உங்களுக்கு? இவ்வளவுதானா நீங்க என்கிட்ட கத்துக்கிட்டது?”

அம்மை ஒருநாளும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. மாசிலாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. 

“சந்தேகம் இல்லம்மா. ஆனா அது என்னோடது இல்ல. என்னை மன்னிச்சிடுங்க.”

போனை வைத்துவிட்டார்.

சாப்பாடு இறங்கவில்லை. குருவின் பேச்சை மீறியாயிற்று. இனி இங்கே எந்த முகத்தோடு இருப்பது? தன் வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தார். மனைவியின் படத்தைத் துண்டில் சுற்றி அதன்மேல் வைத்தார். சொல்லாமல் போவது முறையல்ல, ஸ்டேஷனில் போனுக்குச் சார்ஜ் ஏற்றியிருப்பார், மன்னிப்புக் கேட்டுவிட்டே போவோம் என்று அம்மையின் எண்ணைப் போட்டார்.

இரண்டாவது மணியிலேயே அம்மை எடுத்துவிட்டார். “சொல்லுங்க ஐயா.”

“சார்ஜ் ஏத்திட்டீங்களாம்மா?”

“காலையிலேயே ஏத்திக்கிட்டுத்தானே வந்தேன்?”

“இல்ல... கொஞ்சம் முன்னாடி வேற போன்லேர்ந்து பேசினீங்களே...”

 அம்மை மெதுவாகக் கேட்டார். “நான் உங்ககிட்ட இன்னிக்குப் போன்ல பேசவே இல்லையே. என்ன கேட்டேன்?”

மாசிலாமணி எல்லாவற்றையும் சொல்லி, அழைப்பு வந்த எண்ணையும் படித்துக் காட்டினார்.

அம்மையின் சொற்பொழிவுகள் எல்லாம் இணையத்தில் இருந்தன. அவர் ஸ்டேஷனுக்குப் போவதைக் கவனித்திருந்த சம்பத், அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டு அவர் குரலைப் போலவே ஒரு போலிக் குரலைச் செய்திருந்தான். அம்மை போலீஸ் ஸ்டேஷனிலேயே இருந்ததால் அழைப்பு வந்த எண்ணை அங்கேயே கொடுத்தார். அந்த எண்ணும் செண்பகவல்லியின் பெயரில் வாங்கியதுதான். அதைப் பிடித்துக்கொண்டு போன போலீசார், சம்பத்தின் கடைக்குள்ளேயே அந்த போனைக் கைப்பற்றி அவனையும் கைது செய்தார்கள். அவளுடைய பெயரில் அவன் வாங்கியிருந்த மற்ற எண்களும் ஒவ்வொன்றாக முடக்கப்பட்டன. நோயாளியின் ரிசல்ட்டைத் திறந்ததுகூட அந்தக் கடையின் கம்ப்யூட்டரில்தான் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரி அவளைத் திரும்ப வரச் சொன்னது. இந்தமுறை மாசிலாமணி தானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

செண்பகவல்லி மடத்துக்குத் திரும்பி வந்தாள். அங்கிருந்து தன் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, நான் செண்பகம்.”

“இனிமே செண்பகம் பேர்ல எது வந்தாலும் நான் நம்பறதா இல்ல,” என்றது அந்தப் பக்கம். “என் பொண்ணுன்னா சொல்லு. சின்ன வயசுல மாங்காயைத் திருடி எங்க வச்ச?”

“அரிசிப் பானையில. சீக்கிரம் பழுக்கும்னு நீதானே சொன்ன? நான் மறந்துட்டேன். அழுகிப்போய் அரிசியெல்லாம் வீணாச்சு. நீ அடிச்ச.”

“அடிக்கலடி. மிரட்டினேன்.”

 இரண்டு பக்கமும் அழுகைதான் வந்தது. மாசிலாமணி மெதுவாக வெளியே நழுவினார்.

அவள் வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ் வரைக்கும் அவர் கூடவே போனார்.

“புது பாஸ்வேர்ட் வச்சாச்சாம்மா?”

“வச்சுட்டேங்க ஐயா.”

“என்ன வ...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். செண்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல்முறை.

மடத்துக்குத் திரும்பி வந்ததும் அம்மையிடம் போய் உட்கார்ந்தார்.

“எனக்கு ஒண்ணு தோணுதும்மா. இந்தக் காலத்துல யார் நல்லவங்க, யார் கெட்டவங்கன்னு குரலை வச்சும் சொல்ல முடியல. இனிமே யார் கூப்பிட்டாலும் நான் வாயே திறக்கிறதா இல்ல. பேசாம இந்த போனையே இங்கேர்ந்து தூக்கிட்டா என்ன?”

அம்மை பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மாசிலாமணி தயங்கித் தயங்கி எடுத்தார். களைத்துப்போன ஒரு பெண்குரல். பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகவும், மடத்தில் வந்து தங்க இடம் கிடைக்குமா என்றும் கேட்டது.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மையைப் பார்த்தார்.

“யாரோ ஒருத்தங்க தங்க வரலாமான்னு கேக்கிறாங்க. பேரு, ஊரு, என்ன பிரச்சினை எல்லாத்தையும் விசாரிச்சுடட்டுமாம்மா?”

அம்மை சொன்னார்:

“சாப்பிட்டாச்சான்னு விசாரிங்க.”